பச்சோந்தி வளர்க்கிறீர்களா? கூண்டில் வைக்கும் கிளையில் கவனம் தேவை

பங்சார், பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் அடுக்குமாடி வீடுகளில் வசிப்போருக்கு நாய், பூனை வளர்க்க வசதி இருப்பதில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும்போது, சத்தம் போடாத, அதிக இடம் கேட்காத பச்சோந்தியை வாங்கித் தரும் பெற்றோர் உண்டு. கூண்டு, விளக்கு, தீனி எல்லாவற்றையும் கடையில் வாங்கிவிட்டு, கிளையை மட்டும் கீழே சாலையோரத்தில் ஒடித்து வந்து சொருகிவிடுகிறார்கள். பச்சோந்திக்கு ஆபத்து பெரும்பாலும் அந்தக் கிளையில்தான் ஒளிந்திருக்கும்.

நம் ஊர்த் தோட்டங்களில் மரத்துக்கு மரம் தாவும் 'சும்பா-சும்பா' நிறம் மாறினாலும் உண்மையான பச்சோந்தி அல்ல. அது ஓணான் வகை. கூண்டில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் ஏமன், சவூதி அரேபியாவைச் சேர்ந்த ஏமன் பச்சோந்தியும் மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த பாந்தர் பச்சோந்தியும் ஆகும்.

கிளை ஏன் முக்கியம்?

பச்சோந்தியின் கால் இடுக்கி போன்றது. முன்காலில் உள்பக்கம் மூன்று விரல்களும் வெளிப்பக்கம் இரண்டு விரல்களும் ஒட்டியிருக்கும். பின்காலில் இது தலைகீழாக இருக்கும். வாலையும் ஐந்தாவது கால் போலச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். தரையில் நடப்பதற்கு அல்ல, கிளையைக் கவ்வுவதற்கே அதன் உடல் அமைந்துள்ளது. உறங்குவது, வெயில் காய்வது, இரை பிடிப்பது எல்லாமே கிளையில்தான்.

வழுக்கும் பிளாஸ்டிக் குச்சியிலோ, ஒரே கனமுள்ள கம்பியிலோ நாள் முழுவதும் நின்றால் பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து புண்ணாகும். அதனால்தான் சொரசொரப்பான, கனம் மாறி மாறி வரும் இயற்கைக் கிளை சிறந்தது. பெரிய ஏமன் பச்சோந்திக்குப் பென்சில் கனம் முதல் கட்டைவிரல் கனம் வரை, அதாவது ஏறக்குறைய 1 முதல் 2.5 சென்டிமீட்டர் வரையிலான கிளைகளைக் கலந்து வைக்கலாம். குட்டிகளுக்கு அதைவிட மெல்லிய குச்சிகள் வேண்டும்.

எந்த மரம் ஆகும்?

வீட்டு வாசலில் கிடைப்பவற்றில் கொய்யாவும் செம்பருத்தியும் நம்பகமானவை. கொய்யாக் கிளை உறுதியானது, எளிதில் ஒடியாது, பல திசையில் கவடு விட்டிருக்கும். செம்பருத்தியைக் கிளையாகவும் வைக்கலாம். தொட்டியோடு உயிர்ச்செடியாகவும் வைக்கலாம். ஏமன் பச்சோந்தி இலையையும் கடித்துத் தின்னும் பழக்கமுள்ளது என்பதால், செம்பருத்தி இலை பாதுகாப்பானது என்பது கூடுதல் நன்மை. முசுக்கொட்டை, காப்பி மரக் கிளைகளும் ஏற்றவை.

எந்த மரம் ஆகாது?

இன்றைய பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு ஒரு விதி சொல்லாமலே விளங்கும்: ஒடித்தால் பால் வடியும் மரத்தை ஒதுக்குங்கள். பால்மரம், மரவள்ளி, கள்ளி, எருக்கு, கெம்போஜா எல்லாம் இதில் அடங்கும். கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் கண்ணில் பட்டால் என்ன பாடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரத்தின் இலையிலும் விதையிலும் மரவள்ளியில் உள்ளது போன்றே சயனைடு தரும் பொருள் இருக்கிறது. நாற்காலி, மேசை செய்து மிஞ்சிய ரப்பர் மரத்துண்டும் வேண்டாம். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மருந்து ஏற்றியிருப்பார்கள்.

அரளி, மஞ்சள் அரளி இரண்டும் வேர் முதல் பூ வரை நஞ்சு. ஊமத்தையும் அப்படியே. மா மரத்தின் பச்சைக் கிளையில் வடியும் பிசின் தோலை அரிக்கும். பைன் போன்ற பிசின் மரங்களும் யூகலிப்டஸ் போன்ற வாசனை எண்ணெய் மரங்களும் ஏற்றவை அல்ல. முருங்கையில் நஞ்சு இல்லை. ஆனால் சட்டென்று ஒடியும். மூங்கில் வழவழப்பானது, அதன் குழலில் தண்ணீர் தேங்கும்.

மரத்தின் பெயர் உறுதியாகத் தெரியவில்லை என்றால் அந்தக் கிளையை எடுக்காமல் இருப்பதே நல்லது.

எங்கிருந்து எடுப்பது?

நல்ல மரமாக இருந்தாலும் இடம் கெட்டிருந்தால் கிளையும் கெட்டதே. பங்சாரின் பெரிய சாலைகளை ஒட்டிய மரங்களில் வாகனப் புகைக்கரி படிந்திருக்கும். அவை மாநகர் மன்றத்தின் பொறுப்பில் உள்ளவை என்பதால் அனுமதியின்றி வெட்டவும் கூடாது. டிங்கி காய்ச்சலுக்காகக் குடியிருப்புகளில் கொசு மருந்துப் புகை அடிக்கும்போது, அது இலையிலும் பட்டையிலும் படிகிறது. புகை அடித்த வாரத்தில் வெளியே கிளை எடுக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கே புகை அடிக்க வந்தால், கூண்டை முன்கூட்டியே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தோட்டப்புறத்தில் இருப்போர், மருந்து அடித்த செம்பனை, ரப்பர் நிரைகளின் ஓரத்திலிருந்து எதையும் எடுக்காதீர்கள். பாராகுவாட் களைக்கொல்லி 2020 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டாலும் மற்ற மருந்துகள் பயன்பாட்டில் இருக்கின்றன. மருந்தே படாத வீட்டுக் கொல்லைக் கொய்யாதான் சிறந்தது. பக்கத்து வீட்டு மரமானால், கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தயார் செய்யும் முறை

1. உயிருள்ள, உறுதியான கிளையை வெட்டுங்கள். தரையில் கிடந்து உளுத்தது, துளை விழுந்தது, கரையான் மண் ஒட்டியது வேண்டாம்.

2. இலை, முள், தளர்ந்த பட்டை ஆகியவற்றை நீக்குங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் பட்டையை விட்டுவிடுங்கள். பிடிமானத்துக்கு அது தேவை.

3. கெட்டியான தூரிகையால் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் போட வேண்டாம். மரம் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். பொந்துகளில் எறும்பு, பூச்சி முட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

4. அண்டாவில் அடங்கும் கிளையை அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். நீளமானதைத் தொட்டியில் வைத்துக் கொதிநீரை இரண்டு, மூன்று முறை ஊற்றலாம். அடுப்பறையில் ஓவன் இருந்தால், 120 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் வைக்கலாம். ஆனால் அருகிலேயே நில்லுங்கள், மரம் தீப்பிடிக்கும்.

5. கொதிக்க வைக்கவே முடியாத பெரிய கிளைக்கு, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து 20 நிமிடம் ஊற வைக்கலாம். பிறகு பலமுறை கழுவி, ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, வாடை முற்றிலும் போகும்வரை காய வையுங்கள். பிளீச்சோடு வினிகரையோ கழிவறை சுத்திகரிப்பானையோ கலக்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

6. வெயிலில் குறைந்தது மூன்று நாள் உலர்த்துங்கள். மழைக்காலமாக இருந்தால் ஒரு வாரம் தேவைப்படும். ஈரம் உள்ள கிளை நம் நாட்டுப் புழுக்கத்தில் உடனே பூஞ்சணம் பிடிக்கும்.

7. வெட்டுமுனைகளையும் கூரான கணுக்களையும் உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். வார்னிஷ், சாயம், பசை எதுவும் பூச வேண்டாம்.

கூண்டில் பொருத்துதல்

வலைக்கூண்டானால், வெளிப்பக்கத்திலிருந்து திருகாணியும் அகலமான வாஷரும் போட்டு முடுக்கலாம். அல்லது கேபிள் டையால் கட்டி, மிஞ்சிய முனையை ஒட்ட வெட்டிவிடலாம். ஒட்டுநாடா வேண்டாம், அது தோலில் ஒட்டிக்கொள்ளும். பெரிய ஏமன் ஆண் பச்சோந்தி 100 முதல் 200 கிராம் வரை எடை இருக்கும். பொருத்திய கிளையின் நடுவில் அரை கிலோ சீனிப் பையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அசையாமல் நின்றால் சரி.

சில கிளைகளைக் கிடையாகவும் சிலவற்றைச் சாய்வாகவும் வைத்து ஒன்றோடொன்று இணையுங்கள். பாதி வழியில் அறுந்து நிற்கும் பாதை இருக்கக் கூடாது. விளக்குக்கு அடியில் உள்ள கிளையைக் கவனமாக அளந்து வையுங்கள். கிளையிலிருந்து அல்ல, கிளையில் நிற்கும் பச்சோந்தியின் முதுகிலிருந்து விளக்குவரை குறைந்தது 20 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அந்த இடத்தில் வெப்பமானி 30 முதல் 32 பாகை காட்டினால் போதும். நம் ஊரில் பகலில் வீடே சூடாக இருப்பதால், குளிர்நாட்டுக்காரர்கள் பயன்படுத்தும் அதிக வாட் விளக்கு தேவைப்படாது. சூடு கூடினாலும் விலகத் தெரியாமல் நின்று முதுகு வெந்துபோகும் பச்சோந்திகள் உண்டு.

தொடர்ந்து கவனிக்க வேண்டியவை

பச்சோந்தி கிண்ணத்தில் தண்ணீர் குடிப்பது அரிது. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். அதனால் தினமும் நீர் தெளிக்கிறோம், கிளையும் நனைகிறது. ஒரு தெளிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் கிளை உலர வேண்டும். வாரம் ஒருமுறை எச்சத்தைத் துடைத்து, மாதம் ஒருமுறை ஒவ்வொரு கிளையையும் அசைத்துப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம், உளுத்த தூள், மெத்தென்ற இடம் தென்பட்டால் அந்தக் கிளையைத் தூக்கி எறியுங்கள்.

பச்சோந்தி அடிக்கடி விழுந்தாலோ, பாதம் வீங்கினாலோ, பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல், ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இவை அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள உயிரினங்கள் என்பதையும் மறவாதீர்கள். வாங்கும் முன் கடையில் ஆவணங்களைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விசாரியுங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவரும் எண்ணமும் வேண்டாம். அங்கு காட்டில் வாழும் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம்.

ஒரு கிளையைத் தயார் செய்ய ஒரு வாரம் ஆகிறதே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். காட்டில் பிடிக்காத கிளையை விட்டு அது வேறு கிளைக்குப் போய்விடும். கூண்டில் நாம் வைத்ததில்தான் அது நின்றாக வேண்டும்.