எதை எண்ணுகிறோம்? கூட்டுக்குடும்ப ஆய்வுகளும் சமூகவியல் கோட்பாடும்

சமூகவியலில் கோட்பாடும் கள ஆய்வும் ஒன்றையொன்று பாராமல் தனித்தனியே நடக்கின்றன என்ற முறையீடு பழையது. 1959-இல் வெளிவந்த 'சமூகவியல் கற்பனை' நூலில் சி. ரைட் மில்ஸ் இதன் இரு கோடிகளையும் சாடினார். சொற்களை அடுக்கிக்கொண்டே போய்க் குறிப்பிட்ட எந்த நிகழ்வையும் விளக்காத பெருங்கோட்பாடு ஒரு கோடி. கேள்வித்தாளும் அட்டவணையும் இருந்தால் அறிவு தானே விளைந்துவிடும் என்று நம்பும் புள்ளிவிவரப் பற்று மறுகோடி. அதற்குப் பத்தாண்டு முன்பே ராபர்ட் மெர்ட்டன் இவற்றுக்கு நடுவே 'இடைநிலை வீச்சுக் கோட்பாடு' என்ற வழியை முன்வைத்திருந்தார். இரு அறிஞர்களின் கண்டனமும் நியாயமானது. ஆனால் அவர்களைப் பின்பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஓர் அனுமானத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டனர்: கோட்பாடு ஓரிடத்தில் முழுமையாக இருக்கிறது, தரவு இன்னோரிடத்தில் முழுமையாக இருக்கிறது, இணைக்கும் வேலை மட்டுமே எஞ்சியிருக்கிறது என்பது அது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. ஆய்வாளர் தாம் எண்ணப்போகும் அலகைத் தேர்ந்த அந்தக் கணத்திலேயே கோட்பாடு தரவுக்குள் நுழைந்துவிடுகிறது. அந்த நுழைவை வெளிப்படையாக்கிச் சோதனைக்கு உட்படுத்துவதே உண்மையான இணைப்பு. இந்திய சமூகவியலில் ஏறத்தாழ நூறாண்டு நடந்த கூட்டுக்குடும்ப விவாதம் இதற்குத் தெளிவான சான்று.

விவாதத்தின் வேர் சட்ட வரலாற்றில் இருக்கிறது. ஹென்றி மெய்ன் 1861-இல் வெளியிட்ட 'பண்டைச் சட்டம்' என்ற நூல், தொன்மைச் சமூகத்தின் அலகு குடும்பம், நவீன சமூகத்தின் அலகு தனிமனிதன் என்று வாதிட்டது. இந்தியக் கூட்டுக்குடும்பம் அந்தத் தொன்மையின் எஞ்சிய உருவமாகக் காட்டப்பட்டது. தரும சாத்திர நூல்களையும் உயர்நீதிமன்றத் தீர்ப்புகளையும் படித்தவர்களுக்கு இச்சித்திரம் இயல்பாகவே பொருந்தியது. இராவதி கார்வே 1953-இல் தந்த வரையறை அதைச் செறிவாகத் தொகுத்தது: ஒரே கூரையின் கீழ் வாழ்வோர், ஒரே அடுப்பில் சமைத்ததை உண்போர், சொத்தைப் பொதுவில் வைத்திருப்போர், வழிபாட்டில் சேர்ந்து பங்கேற்போர், உறவால் பிணைந்தோர். பத்தாண்டு கழித்து வில்லியம் குட், தொழில்மயமாதல் பரவப் பரவ உலகெங்கும் குடும்ப அமைப்புகள் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற வடிவத்தை நோக்கி நகரும் என்று எழுதினார். மெய்னின் படிநிலையும் குட்டின் கணிப்பும் ஒன்றுசேர, 'கூட்டுக்குடும்பம் சிதைகிறது' என்பது நிறுவவேண்டிய கூற்றாக இல்லாமல் எல்லோரும் அறிந்த செய்தியாகிவிட்டது. கார்வேயின் வரையறையில் கூரை, அடுப்பு, சொத்து, வழிபாடு, உறவு என ஐந்து கூறுகள் இருக்கின்றன. இவை சேர்ந்தே இருக்கும், சேர்ந்தே குலையும் என்பது அந்த வரையறைக்குள் மறைந்திருந்த கோட்பாடு.

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தக் கோட்பாட்டுக்குப் பெரிய எண்ணிக்கைச் சான்று ஒன்றை அளித்ததாகத் தோன்றியது. குடித்தனங்கள் மூன்று பேர் வரை சிறியவை, நான்கு முதல் ஆறு வரை நடுத்தரம், ஏழு முதல் ஒன்பது வரை பெரியவை, பத்தும் அதற்கு மேலும் மிகப் பெரியவை என்று வகுக்கப்பட்டன. கிராமங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறிய குடித்தனங்கள். நகரங்களில் அதைவிடச் சற்றுக் கூடுதல். இவ்வளவு சிறிய குடித்தனங்கள் இருப்பதே, கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போகும் பழக்கம் வலுவாக இருப்பதற்கு அடையாளம் என்று கணக்கெடுப்பு ஆணையர் ஆர். ஏ. கோபாலஸ்வாமி முடிவு செய்தார். கணக்கில் பிழையில்லை, அளவுகோலில்தான் சிக்கல். ஐந்து பிள்ளைகளோடு வாழும் ஒரு தம்பதி ஏழு பேராகிப் 'பெரிய' குடித்தனமாகிறது. மனைவியை இழந்த தந்தையும் பிள்ளையில்லாத இரு மகன்களும் மருமகள்களும் ஐந்து பேராகி 'நடுத்தர'த்தில் அடங்குகின்றனர். முதலாவது தனிக்குடும்பம், இரண்டாவது கூட்டுக்குடும்பம் என்பதை ஆள்தொகை சொல்லாது. தவிர, அது ஒரு காலப்புள்ளியின் படம். 'பிரிந்துவந்தனர்' என்பதோ காலப்போக்கில் நடக்கும் செயல். முன்பு எப்படி இருந்தது என்ற ஒப்பீடு இல்லாமலே மாற்றம் நிகழ்ந்ததாகக் கொள்ளப்பட்டது. ஒப்பீடு இருக்கவேண்டிய இடத்தை மெய்னின் கோட்பாடு நிரப்பியது. தரவு கோட்பாட்டை உறுதிப்படுத்தவில்லை. கோட்பாடே தரவின் பொருளாக வாசிக்கப்பட்டது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் ஏ. எம். ஷா. குஜராத்தின் ராத்வணஜ் கிராமத்தில் 1950-களில் கள ஆய்வு செய்த அவர், அதே கிராமத்துக்கு 1825-இல் எடுக்கப்பட்ட குடித்தனப் பதிவுகளையும் ஆராய்ந்தார். 1973-இல் வெளிவந்த அவரது நூலின் அடிப்படை, குடும்பம் வேறு, குடித்தனம் வேறு என்ற பாகுபாடு. 1825-இலேயே அங்கு எளிய அமைப்புடைய குடித்தனங்கள்தாம் மிகுதி என்று அவர் காட்டினார். ஆங்கிலேயர் ஆட்சியின் தாக்கம் ஆழமாகப் பதியாத, ஆலைத் தொழில் எட்டாத காலம் அது. காரணம் மக்கள்தொகையியலில் இருக்கிறது. 1951-க்கு முந்தைய பத்தாண்டில்கூட இந்தியரின் சராசரி வாழ்நாள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 32 ஆண்டு. குழந்தை இறப்பே இந்தச் சராசரியை வெகுவாகக் கீழே இழுத்தது உண்மை; ஆயினும் வளர்ந்தோரின் இறப்பும் மிகுதி. மகன்கள் மணமுடித்துப் பிள்ளை பெறும்வரை தந்தை உயிரோடிருப்பது பலருக்கு வாய்க்கவில்லை. இலட்சியம் எவ்வளவு வலுவாயினும் சேர்ந்து வாழ மூத்தவர் இருக்கவேண்டுமே. கணக்கெடுப்புகளில் சராசரிக் குடித்தன அளவு 1951-இல் ஐந்துக்குச் சற்றுக் கீழிருந்து 1981-இல் ஐந்தரையைத் தாண்டியதும் சிதைவுக் கதைக்கு இசையவில்லை. அதை மட்டும் வைத்துக் கூட்டுவாழ்வு பெருகியது என்று சொல்லவும் முடியாது. பிழைக்கும் பிள்ளைகள் கூடினாலும் அளவு கூடும். ஐரோப்பாவிலும் இதே புதிர் எழுந்தது. பீட்டர் லாஸ்லெட், 1574 முதல் 1821 வரையான நூறு ஆங்கிலேயச் சமூகங்களின் பட்டியல்களிலிருந்து சராசரிக் குடித்தன அளவு 4.75 என்று கணித்துத் தொழிற்புரட்சிக்கு முந்தைய பெருங்குடும்பம் ஒரு கற்பனை என்றார். லட்ஸ் பெர்க்னர் 1763-ஆம் ஆண்டின் ஆஸ்திரியப் பதிவுகளைக் கொண்டு மறுத்தார்: குடித்தனத் தலைவரின் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால், பெற்றோரோடு சேர்ந்து வாழ்வது ஒரு கட்டமாக வந்து மறைவது தெரிகிறது, ஒரே நாளின் பட்டியல் அந்தக் கட்டத்தை விழுங்கிவிடுகிறது. வகையை எண்ணினால் ஒரு விடை, வாழ்க்கைச் சுழற்சியை எண்ணினால் இன்னொரு விடை.

ஐ. பி. தேசாய் வேறு திசையில் சென்றார். சௌராஷ்டிரக் கடலோர நகரான மஹுவாவில் 423 குடித்தனங்களை ஆராய்ந்து 1964-இல் நூல் வெளியிட்ட அவர், கூட்டுத்தன்மையை உண்டு, இல்லை என்று பாராமல் படிகளாகப் பார்த்தார். சேர்ந்து வசிக்காவிட்டாலும் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டிருப்பது ஒரு படி. சொத்தைப் பொதுவில் வைத்திருப்பது அதற்கு மேல். பல தலைமுறைகள் சேர்ந்து உண்டு வாழ்வது உச்சம். இந்த அளவுகோலில் எந்தக் கூட்டுத்தன்மையும் இல்லாத குடித்தனங்கள் ஏறத்தாழ ஐந்து விழுக்காடுதான். வசிப்பிடத்தால் தனித்தும் உறவால் கூடியும் இருக்கும் குடும்பம் என்ற கருத்து இங்கிருந்தே வலுப்பெற்றது.

இங்கே கடுமையான மறுப்பு ஒன்று எழுகிறது. கடமை உணர்வு இருந்தாலே கூட்டுத்தன்மை என்றால் எந்தக் குடும்பம்தான் தனிக்குடும்பம்? தோற்கவே முடியாத கருத்து எதையும் விளக்காது என்பது கார்ல் பாப்பர் முதல் நாம் கற்ற பாடம். இம்மறுப்பில் பாதி சரி. தேசாய் படிகளை ஒரே ஏணியில் அடுக்கியது பலவீனம். ஏனெனில் மேற்படியில் இருப்போர் கீழ்ப்படிகளையும் உடையவர் என்று ஏணி முன்கூட்டியே தீர்மானிக்கிறது. ஒரே வீட்டில் உண்டு உறங்கிச் சொத்துக்காக நீதிமன்றம் ஏறிய சகோதரர்களுக்கு அந்த ஏணியில் இடமில்லை. ஆனால் மறுப்பின் மறுபாதி நிற்காது. கடமையை உணர்வாக விட்டுவிடாமல், கடந்த ஓராண்டில் யார் யாருக்குப் பணம் அனுப்பினார், மருத்துவச் செலவை யார் ஏற்றார், கல்யாணச் சீரை யார் செய்தார் என்று கேட்டால் அது அளக்கத்தக்கதாகிறது, பூச்சியமாகவும் வரக்கூடும். ஆகவே செய்யவேண்டியது தேசாயின் ஏணியைக் கலைத்து, அதன் கூறுகளைத் தனித்தனி அளவைகளாக நிறுத்துவது.

குறுகலான வரையறையும் கோட்பாட்டை வளர்க்கும் என்பதற்குப் பாலின் கொலெண்டாவின் 1968-ஆம் ஆண்டுக் கட்டுரை சான்று. உறவுடைய இரு திருமணத் தம்பதிகளாவது ஒரே அடுப்பில் உண்டால்தான் கூட்டுக்குடும்பம் என்று கறாராக வரையறுத்துக்கொண்டு, பலர் செய்திருந்த 26 ஆய்வுகளை அவர் ஒப்பிட்டார். கங்கைச் சமவெளியில் கூட்டுக்குடும்ப விகிதம் உயர்ந்தும் வேறு பல வட்டாரங்களில் தாழ்ந்தும் இருந்தது. தொழில்மயம், நகர்மயம் என்ற அச்சில் இந்த வேறுபாட்டைப் பொருத்த முடியவில்லை. மனைவிக்குக் கணவன் வீட்டில் உள்ள பேர வலிமை, அதாவது மணமுறிவுக்கு இடம் உண்டா, பரிசப்பணம் யார் கைக்கு யார் தருவது, பிறந்த வீட்டின் துணை எவ்வளவு என்பவை குடித்தனம் சீக்கிரம் பிரிவதோடு தொடர்புடையவை என்ற கருதுகோளை அவர் முன்வைத்தார். மெய்னின் கோட்பாட்டில் பெண் ஒரு காரணியாக இல்லை. தந்தையும் மகனும் சொத்துமே அதன் மையம். அடுப்பை அலகாக்கியபோது அடுப்படியில் நின்றவர் விளக்கத்துக்குள் வந்துவிட்டார். அலகு மாறியதால் புதிய காரணி ஒன்று தெரியவந்த இந்த நிகழ்வைக் கோட்பாட்டுச் சோதனை என்ற சொல் மட்டும் அடக்காது. இது கோட்பாட்டு ஆக்கம்.

இவையெல்லாம் வரையறைச் சண்டைதானே, ஏதேனும் ஒன்றை ஏற்றுக்கொண்டு வேலையைப் பார்க்கலாமே என்பது அடுத்த மறுப்பு. ஒவ்வொரு வரையறைக்கும் பின்னே வெவ்வேறு காரண இயக்கம் இருப்பதால் அது இயலாது. அடுப்பைப் பிரிப்பவை இறப்பு விகிதம், மண வயது, வீட்டின் இடவசதி, மாமியார் மருமகள் உறவு. சொத்தைப் பிரிப்பவை வாரிசுச் சட்டம், நிலத்தின் விலை, கடன் தேவை. கடமையை மாற்றுபவை வேலைக்கான இடப்பெயர்வும் ஓய்வூதியமும். நம் அரசே இம்மூன்றையும் மூன்று நிர்வாகங்களில் தனித்தனியே கையாள்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பொதுச் சமையலைக் கொண்டு குடித்தனத்தை எண்ணுகிறது. வருமான வரித்துறை 'இந்துப் பிரிவுபடாக் குடும்பம்' என்று சொத்தை வைத்து ஓர் அலகை அங்கீகரிக்கிறது. அதன் உறுப்பினர்கள் வேறு வேறு ஊரில் இருக்கலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே வீட்டில் வாழ்கிறார்களா என்று பாராமல் பிள்ளைகள் மீது கடமையைச் சுமத்துகிறது. தனித்தனி அடுப்பு வைத்த மூன்று சகோதரர்கள் முதல் கணக்கில் மூன்று குடும்பங்கள், இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒரு கடமைக் கண்ணி. இவற்றில் எது 'உண்மையான' குடும்பம் என்ற கேள்வி பயனற்றது. எது மாறும்போது எது மாறுகிறது என்பதே சமூகவியல் கேள்வி.

ஆய்வாளரின் அலகுகள் மக்கள் மீது திணிக்கப்படுபவை, மக்களின் சொந்த வகைப்பாட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற விளக்கவியலாளரின் மறுப்புக்கு இந்தியாவில் தனி மதிப்பு உண்டு. நூல்வழிப் பார்வைக்கு எதிராகக் களப் பார்வையை எம். என். ஸ்ரீநிவாஸ் வலியுறுத்திய சூழலில் மேற்சொன்ன ஆய்வுகளில் சில பிறந்தன. எனினும் மக்களும் ஒரே வகைப்பாட்டில் நிற்பதில்லை. குடும்ப அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது தனிச் சமையல் என்பவர், குலதெய்வ வழிபாட்டுக்கு வரி கட்டும்போது பங்காளிகளோடு ஒன்றாக எண்ணப்படுகிறார். சூழலுக்கேற்ற இந்த மாற்றம் குழப்பத்தின் விளைவன்று. கூறுகள் தனித்தனியே இயங்குவதற்கு மக்களே தரும் சான்று. களப் பார்வை அலகுப் பாகுபாட்டை மறுக்கவில்லை, அதற்குப் பொருள் சேர்க்கிறது.

இவ்வாதம் உண்மையானால் அது சோதிக்கத்தக்கதாகவும் இருக்கவேண்டும். கூட்டுச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்த சட்டத்திருத்தம் ஆந்திரத்தில் 1986-இலும், தமிழ்நாட்டில் 1989-இலும், கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் 1994-இலும், பிற பல மாநிலங்களில் 2005-இலும் வந்தது. முதல் நான்கு மாநிலங்களில் சட்டம் தொடங்கியபோது மணமாகாதிருந்த மகள்களுக்கே அவ்வுரிமை கிட்டியது. கூறுகள் சேர்ந்தே குலையும் என்ற பழைய கோட்பாடு சரியென்றால், இந்த ஆண்டுகளுக்குப் பின் பாகப்பிரிவினை, தனி அடுப்பு, கடமைத் தளர்ச்சி மூன்றும் அந்தந்த மாநிலத்தில் ஒருசேர விரைவுபட வேண்டும். தனித்தனியே இயங்குகின்றன என்பது சரியென்றால் சொத்துப் பத்திரங்கள் மாறும், அடுப்பு தன் போக்கில் செல்லும், பெற்றோரைப் பேணும் கடமையில் மகளின் பங்கு கூடக்கூடும். மகள்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு உரிமையைத் துறந்திருந்தால், சொத்துக் கூறினையே சட்ட நூலிலிருந்து எடுக்காமல் பதிவு அலுவலக ஆவணங்களிலிருந்து அளக்க வேண்டியிருக்கும். எந்த விடை வந்தால் எந்த வரையறை தோற்கும் என்பதைக் களத்துக்குப் போகுமுன்பே எழுதிவைக்க இவ்வமைப்பு இடம் தருகிறது. நம் ஆய்வேடுகளில் முதல் இயலில் 'கோட்பாட்டுச் சட்டகம்' என்று அறிஞர் பெயர்களை அடுக்கிவிட்டு, மூன்றாம் இயலில் கணக்கெடுப்பின் வரையறையைக் கேள்வியின்றிக் கடன்வாங்கும் வழக்கம் நீடிக்கிறது. கோட்பாடு முதல் இயலில் இருப்பதாக எண்ணுவதே பிழை. அது மூன்றாம் இயலில், கேள்வித்தாளின் முதல் வரியில், 'உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்' என்ற வினாவில் இருக்கிறது. வாதமும் சோதனையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.