பனிக்கட்டித் தண்டு ஆய்வு

துருவப் பனிப்பாளங்களைத் துளையிட்டு உருளை உருளையாக எடுக்கும் பனிக்கட்டியைக் கொண்டு பண்டைய தட்பவெப்பத்தை அறியும் முறை. ஆண்டுதோறும் விழும் பனி, மேற்சுமையால் இறுகிக் கட்டியாகும்போது அக்காலத்துக் காற்றும் குமிழ்களாக உள்ளே அடைபடும்.

ஆல்ஃபிரெட் வெகெனரின் கிரீன்லாந்துப் பயணக் குழுவினரான எர்ன்ஸ்ட் சோர்கே, 1930-31 குளிர்காலத்தில் சுமார் 15 மீட்டர் ஆழக் குழி தோண்டிப் பனியடுக்குகளை ஆராய்ந்தது முன்னோடி முயற்சி.

இம்முறைக்கு அடிப்படை அமைத்தவர் டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார். 1952 ஜூனில் கோப்பன்ஹேகனில் மழை பிடித்துக்கொண்டபோது, தம் வீட்டுத் தோட்டத்தில் காலி பீர் பாட்டில் ஒன்றில் புனலைச் செருகி மழைநீரைச் சேகரித்தார். அதிலுள்ள ஆக்சிஜன்-18 என்னும் கனமான ஆக்சிஜனின் அளவு, மேகம் உருவான வெப்பநிலையைப் பொறுத்து மாறுவதைக் கண்டார். குளிர் கூடினால் அந்த அளவு குறையும். அப்படியானால் பழம்பனியும் தான் விழுந்த காலத்தின் குளிரைக் காட்ட வேண்டும் என்று 1954-இல் எழுதினார். ஆனால் ஆழத்துப் பனி அவர் கைக்கு எட்டப் பல ஆண்டுகள் ஆயின. கிரீன்லாந்தில் பனிக்கு அடியில் சுரங்கங்கள் வெட்டி, சிறு அணு உலையும் வைத்து அமெரிக்க ராணுவம் நடத்திய கேம்ப் செஞ்சுரி முகாமில், லைல் ஹான்சன் குழுவினரின் துளை 1966-இல் சுமார் 1,390 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டது. அங்கு எடுத்து செஸ்டர் லாங்வேயின் பொறுப்பில் இருந்த பனிக்கட்டித் தண்டை அளந்து தருவதாக டான்ஸ்காரே முன்வந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டு வரலாறு 1969-இல் வெளியாயிற்று. அடியாழத்தில் அடுக்குகள் நசுங்கி மெலிவதால், அங்குள்ள காலக்கணக்கு பின்னர் திருத்தப்பட்டது. துளையின் அடியிலிருந்து எடுத்த உறைமண் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2017-இல் கோப்பன்ஹேகன் உறைபெட்டிகளில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதில் சுள்ளிகளும் பாசியும் இருந்தன.

அண்டார்க்டிகாவில் விஸ்கியில் இட்ட பனிக்கட்டியிலிருந்து குமிழ்கள் வெடித்து வெளியேறக் கண்டபோதே பழங்காற்றை அளக்கும் எண்ணம் உதித்ததாக பிரான்சின் குளோட் லோரியஸ் கூறியுள்ளார். அக்கண்டத்தில் எடுத்த வஸ்தோக் தண்டு 1999-க்குள் சுமார் 4,20,000 ஆண்டுகளையும், டோம் சி தண்டு பின்னர் 8,00,000 ஆண்டுகளையும் எட்டின.

வெப்பநிலையும் கரியமில வாயுவும் சேர்ந்தே ஏறி இறங்கியதை இத்தண்டுகள் காட்டுகின்றன. பனியுகம் முடியும் கட்டங்களில் எது முந்தியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வாயு சில நூறு ஆண்டுகள் பிந்தியது என்பது ஒரு கணிப்பு. இரண்டும் ஏறக்குறைய உடன்நிகழ்ந்தவை என்பது 2013-இல் வெளியான மற்றொன்று. குமிழிலுள்ள காற்று தன்னைச் சூழ்ந்த பனியைவிட வயதில் இளையது என்பதால் இக்கணக்கு எளிதன்று.

2025 ஜனவரியில் ஐரோப்பியக் குழு ஒன்று அண்டார்க்டிகாவின் லிட்டில் டோம் சி-யில் 2,800 மீட்டர் ஆழம் வரை துளையிட்டது. அதன் பனி 12 லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என மதிப்பிடப்படுகிறது.