வில்லடிக்கும் இடமும் கேட்கும் காதும்

மலர்க் குழுவினர் என்னிடம், "நீ ஆதிச்சநல்லூர்க்காரன்தானே, உங்க ஊர் வரலாறு ஒண்ணு எழுதிக் கொடு" என்று கேட்டார்கள். ஆதிச்சநல்லூர் என்றாலே எல்லோருக்கும் முதுமக்கள் தாழிதான் நினைவுக்கு வரும். விடுதியில் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் 'தாழி' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது என்பது என் வகுப்புத் தோழர்கள் அறிந்த செய்தி. ஆனால் இந்த முறை தாழியை ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டு, எங்கள் பக்கத்தின் இன்னொரு பழைய செல்வத்தைப் பற்றி எழுத அனுமதி வேண்டுகிறேன். நம் சங்கமத்தின் இரண்டாம் நாள் மாலை கல்லூரியின் சிறிய அரங்கில் வில்லுப்பாட்டு நடக்கவிருக்கிறது அல்லவா? இதை அதற்கு ஒரு முன்னுரையாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தாழி. 1876-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஃபெடோர் ஜாகோர் எங்கள் பரம்பைத் தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்தவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 2004-05-இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி அகழ்ந்தது. 2023 ஆகஸ்டில் அகழாய்வுக் குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்தார்கள். எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சிதான். தாழிக்கு ஒரு சௌகரியம் உண்டு. பார்க்க ஆளே வராவிட்டாலும் அது தாழியாகவே இருக்கும். பாட்டு அப்படியில்லை. கேட்க ஆள் இல்லாத அன்று பாட்டும் இல்லை!

வில்லும் குடமும்

இளைய மாணவர்களில் பலர் வில்லுப்பாட்டைப் பள்ளி ஆண்டு விழாவில் மட்டும் பார்த்திருப்பீர்கள். ஆகவே கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். கருவி என்று வந்தால் கை சும்மா இருக்காது.

ஆள் உயரத்தைவிட நீளமான வில். அதன் நாண் தோலால் முறுக்கியது. வில்லின் முதுகைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, நாண் மேலே பார்க்கும்படி வைப்பார்கள். வில்லில் வரிசையாக வெண்கல மணிகள் தொங்கும. தலைமைப் பாடகர் இரண்டு வீசுகோல்களால் நாணை அடிக்கும்போது நாணும் அதிரும், மணிகளும் குலுங்கும். குடம் அடிப்பவர் கமுகம்பாளையில் செய்த பத்தியால் குடத்தின் வாயில் அறைவார். மறுகையால் குடத்தின் வயிற்றில் தட்டுவார். வாயில் அறையும்போது உள்ளே அடைபட்ட காற்று 'கும்' என்று ஒரு கனத்த ஒலி எழுப்பும். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ஒலி வருகிறதே, அதே தத்துவம்தான். இவற்றோடு உடுக்கை, தாளம், கட்டை. மண், மரம், தோல், உலோகம் எல்லாம் உண்டு. மின்சாரம் ஒன்றுதான் இல்லை.

தலைமைப் பாடகரை அண்ணாவி அல்லது புலவர் என்பார்கள். பக்கத்தில் இருந்து பதில் பாடுகிறவர்கள் உண்டு. அண்ணாவி ஒரு வரி சொன்னால் அவர்கள் "ஆமா" என்பார்கள். இந்த 'ஆமா'வைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். கதை கேட்கிற ஊர் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லப்படுகிற 'ஆமா' அது.

கொடை இரவு

தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் கோயில்களில் நடக்கும் கொடை விழாதான் வில்லின் தாய்வீடு. பந்தலுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தால், பாடுகிறவருக்கும் நமக்கும் இடையே நாலு முழம்கூட இருக்காது. முதலில் காப்பு, பிறகு வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம். அதன் பிறகுதான் கதை. முடிவில் வாழி.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஆச்சி மடியில் தலைவைத்து முத்துப்பட்டன் கதை கேட்டேன். பிராமணனாகப் பிறந்த பட்டன், சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை விரும்பி, சாதியை உதறி, செருப்புத் தைத்து, அவர்களை மணக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு உயிர் விடுகிறான். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக அவனுக்கு இன்றும் வழிபாடு நடக்கிறது. அந்த மலையிலிருந்து இறங்குகிற தாமிரபரணிதான் எங்கள் ஊர்ப் பரம்பையும் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. நடுச்சாமத்தில் எனக்குக் கண் சொருகியபோது ஆச்சி என்னை உலுக்கி, "ஏல, ஒறங்காத. பட்டன் சாவப் போறான். இப்ப ஒறங்குனா அவனுக்கு யாருல அழுவா?" என்றாள். சாதி கடந்த ஒரு மனிதனுக்காக அழ வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பாடப்புத்தகமும் இல்லை, அந்த ஒரு இரவுதான்.

இன்னொன்றையும் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். கதையில் தெய்வம் பிறக்கிற இடமும், கோயிலில் பூசை நடந்து சாமி வருகிற நேரமும் ஒன்றுசேர வேண்டும். பூசைக்குத் தாமதமானால் அண்ணாவி ஒரு வர்ணனையை நீட்டுவார், நாலு வேடிக்கை சொல்வார். சீக்கிரமானால் கதையைச் சுருக்குவார். கையில் கடிகாரம் கிடையாது. சாமியாடியின் முகத்தையும் கூட்டத்தின் கண்ணையும் பார்த்தே கணக்குப் போடுவார். இன்று நாங்கள் தொழிற்சாலையில் கருவிகளை வைத்துச் செய்கிற கட்டுப்பாட்டை அவர் பார்வையாலேயே செய்தார்!

ஏட்டிலிருந்து மேடைக்கு

இந்தக் கதைகள் பனையோலை ஏடுகளில் எழுதி வைக்கப்பட்டவை. அவற்றைத் தேடித் தொகுத்த பெருமக்களில் முதன்மையானவர் நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை. முத்துப்பட்டன் கதை, கட்டபொம்மன் கதைப்பாடல், கான்சாகிபு சண்டை ஆகியவை 1970களின் தொடக்கத்தில் அவர் பதிப்பாக மதுரைப் பல்கலைக்கழக வெளியீடுகளாக வந்தன. கட்டபொம்மனை 1799-இல் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801 போருக்குப் பிறகு பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கும்பினியார் தரைமட்டமாக்கினார்கள். இப்போது நாம் சுற்றுலா போய்ப் பார்க்கிற கோட்டை 1974-இல் கட்டியது. இடையில் இருந்த 170 ஆண்டுகள் அந்தக் கோட்டை எங்கே நின்றது? பாட்டில்தான் நின்றது.

கோயிலுக்கு வெளியே வில்லைக் கொண்டுவந்தவர்களில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை மறக்க முடியாது. அவருடைய அரவணைப்பில் சென்னைக்குப் போனவர், நெல்லைச் சீமையின் சத்திரப்புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம். காந்தி கதை முதல் அன்றாடச் சமூகச் செய்திகள் வரை வில்லில் ஏற்றி, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தமிழர் வீட்டுக்கெல்லாம் கொண்டுபோனவர். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022 அக்டோபரில் மறைந்தார். ஆனால் எல்லோருக்கும் அந்த வெளிச்சம் கிடைத்துவிடவில்லை. குமரி மாவட்டத்தில் பெண்ணாக வில்லின் முன் அமர்ந்து ஊர் ஊராகப் பாடிப் புகழ்பெற்ற பூங்கனி அம்மாள், கடைசிக் காலத்தை வறுமையில் கழித்து 2018-இல் காலமானார்.

கடலில் நின்றுபோன பாட்டு

வில்லாவது இருக்கிறது. நம் கரையில் ஒரு பாட்டு நம் கண்ணெதிரே போய்விட்டது. துடுப்பு வலிக்கும்போதும் கரைவலை இழுக்கும்போதும் கடற்கரை மக்கள் பாடிய அம்பாப் பாட்டைத்தான் சொல்கிறேன். பத்துப் பேர் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே மூச்சில் வாங்குவார்கள். வள்ளத்தில் இயந்திரம் வந்தது. துடுப்பின் வேலை போனது, கூடவே பாட்டும் போனது. இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை. நான் சொன்னால் அது எடுபடவும் செய்யாது! உடல் நோவு குறைந்தது நல்லதுதான். பல நூற்றாண்டுப் பெருமை கொண்ட தூத்துக்குடி முத்துக்குளிப்பும் 1955 முதல் 1961 வரை நடந்த பருவங்களோடு ஓய்ந்தது. ஒரு தொழில் போகும்போது அதோடு கட்டிய பாட்டுக்குத் தனியாக உயிர் வாழத் தெரிவதில்லை.

வில்லு கொடையோடு கட்டப்பட்டிருந்ததால் பிழைத்தது. இப்போது கொடையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். தூங்குகிறவர்களின் நியாயமும் நியாயம்தான். ஆனால் நடுச்சாமத்தில் முடிய வேண்டிய கதை என்ன ஆகும்? மீதி நேரத்திலும் இன்னிசைக் கச்சேரிக்குப் பங்கு போய்விடுகிறது. 2020, 2021 கொரோனாக் காலத்தில் கொடைகளே நின்றபோது இந்தக் கலைஞர்களின் அடுப்பும் அணைந்தது.

அரை மணி நேரம்

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். சங்கமத்துக்கு வில்லிசை வைக்கலாம் என்று குழுவில் யோசனை சொன்னவன் நான். நேரம் ஒதுக்கியவனும் நானே: மதியச் சாப்பாட்டுக்கு முன், குழுப் புகைப்படத்துக்குப் பின், அரை மணி நேரம். எங்கள் பக்கத்து அண்ணாவி ஒருவரிடம் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "தம்பி, அரை மணிக்குள்ள காப்பும் குருவடியும் பாடி முடிக்கதுக்கே சரியா இருக்கும். கதைய எங்க வைக்கச் சொல்லுதிய?" என்றார். துட்டு கூடுதலாகத் தருவோம் என்றேன். "துட்டு கெடக்கட்டும். எத்தன பேரு கடைசி வரைக்கும் இருந்து கேப்பாவ? அதச் சொல்லுங்க" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு, 2019 கொடையில் என் கைப்பேசியில் பதிவுசெய்து வைத்திருந்த நாலு மணி நேர வில்லுப்பாட்டை எடுத்துப் போட்டேன். கோயம்புத்தூர் அடுக்குமாடி வீட்டில் அது தகரச் சத்தமாக ஒலித்தது. குடத்தின் அந்தக் கனத்த 'கும்' காணவே காணோம். அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சொல்ல அந்தச் சின்ன ஒலிபெருக்கிக்குச் சக்தி கிடையாது. கொஞ்ச நேரம் கேட்ட என் மகள், "யாருக்குப்பா இவங்க கதை சொல்றாங்க?" என்றாள். சரியான கேள்வி. பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வானமாமலை தொகுக்காவிட்டால் பல கதைகள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் பதிவில் அண்ணாவியின் குரல் இருக்கும். அவர் யார் முகத்தைப் பார்த்துக் கதையை நீட்டினார், யார் சிரித்ததால் சுருக்கினார் என்பது இருக்காது.

பெரிய விழாக்களும் வேண்டும். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமமும், 2022-இல் தூத்துக்குடியில் நடந்த நெய்தல் கலை விழாவும் கிராமியக் கலைஞர்களுக்கு மதிப்பையும் வருமானத்தையும் தந்தன. ஆனால் அங்கே வருகிறவர்கள் பார்வையாளர்கள். வில்லுக்கு வேண்டியது 'ஆமா' போடுகிறவர்கள். அதற்குச் சின்ன இடம்தான் சரி. இங்கிலாந்தில் 1950களிலும் 60களிலும் மதுக்கடைகளின் மாடியறைகளில் நாட்டுப்பாடல் மன்றங்கள் முளைத்தன. பெரும்பாலும் மைக் கிடையாது, மேடை கிடையாது. பாடுகிறவர் எதிரிலேயே நிற்பார். கேட்கிறவர்கள் பல்லவியைச் சேர்ந்து பாடுவார்கள். அவர்கள் தேடிப்போய் உண்டாக்கிக்கொண்ட அந்தச் சின்ன அறை, நமக்குக் கொடைப் பந்தலாக முன்பே இருந்தது.

இதையெல்லாம் குழுவில் எடுத்துச் சொன்னேன். மூத்த அண்ணன்மார் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. பெரிய கலையரங்கத்துக்குப் பதிலாகச் சிறிய அரங்கம், நாற்காலிக்குப் பதிலாக ஜமுக்காளம், அரை மணிக்குப் பதிலாக மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை என்று முடிவாயிற்று. மைக் இல்லை. கதை: முத்துப்பட்டன். அண்ணாவியிடம் சொன்னபோது, "அப்ப சரி. நாட்டுவளத்துல உங்க கல்லூரியையும் சேத்துப் பாடிருவோம்" என்றார்.

எனவே நண்பர்களே, தம்பி தங்கையரே, ஒரு வேண்டுகோள். குடும்பத்தோடு வாருங்கள், பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வையுங்கள். கைப்பேசியைப் பையில் போட்டுவிடுங்கள். கடைசி வரை எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அன்று ஒன்பதரை மணிக்கு ஜமுக்காளத்தில் இருக்கிறவர்கள்தான் அந்தப் பதில். பட்டன் சாகும்போது யாரும் எழுந்து போய்விடாதீர்கள்!