பெல்ஃபாஸ்ட் மறவாத கலைஞர்

வட அயர்லாந்தின் தலைநகராகிய பெல்ஃபாஸ்டில் பெட்ஃபோர்டு தெரு என்றொரு தெரு உண்டு. அங்கே 1862 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அல்ஸ்டர் மண்டபம் நிற்கிறது. அம்மண்டபத்திற்கு வெளியே 2025 ஜனவரியில் ஒரு வெண்கலச் சிலை திறந்து வைக்கப்பட்டது. அது மன்னனின் சிலை அன்று. போர்த் தளபதியின் சிலையும் அன்று. கையில் கிட்டார் ஏந்திய ஓர் இசைக் கலைஞரின் சிலை. அவர் பெயர் ரோரி கேலஹர்.

அவர் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர் அல்லர். அந்நகரில் மறைந்தவரும் அல்லர். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகும் நிலையில் அந்நகரம் அவருக்குச் சிலை எடுத்தது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், ஒரு கலைஞரின் வாழ்க்கையை மட்டும் அறிந்தால் போதாது. அவர் இசையைக் கேட்ட மக்களின் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

ரோரி கேலஹர் 1948 மார்ச் 2 ஆம் நாள் அயர்லாந்தின் வடமேற்கில், டோனெகால் மாவட்டத்துப் பாலிஷானன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூரை ஒட்டி ஓடும் எர்ன் ஆற்றின்மீது அந்நாளில் புனல்மின் நிலையம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அப்பணியில் ஈடுபட்டிருந்தவர்களுள் அவருடைய தந்தையாரும் ஒருவர். பின்னர் அக்குடும்பம் டெர்ரி நகருக்கும், அங்கிருந்து தென்கோடியிலுள்ள கார்க் நகருக்கும் குடிபெயர்ந்தது.

அச்சிறுவனுக்கு இசை கற்பித்த ஆசான் யார்? வானொலிதான். ஐரோப்பாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினருக்காக நடந்த வானொலி நிலையமும், லக்ஸம்பர்க் வானொலியும் இரவு நேரங்களில் அயர்லாந்து வரை எட்டின. அவற்றின் வாயிலாகப் புளூஸ் என்னும் இசை அவர் செவியில் விழுந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டும் வறுமையிலிருந்து விடுபடாத கறுப்பின மக்கள், தம் துயரையும் நகைச்சுவையையும் ஒருங்கே பாடி வளர்த்த இசை அது. ராக் இசைக்கு அதுவே தாய். கடல் கடந்து பிறந்த அவ்விசை, அயர்லாந்துச் சிறுவன் ஒருவனைத் தன்வயப்படுத்தியது. ஒன்பதாம் வயதில் அவர் கையில் கிட்டார் வந்து சேர்ந்தது. ஆசிரியர் எவரும் இன்றித் தாமே கேட்டுக் கேட்டு வாசிக்கக் கற்றார்.

அக்காலத்து அயர்லாந்தில் ஷோபேண்ட் எனப்படும் நடனக் குழுக்கள் ஊர்தோறும் உலவின. ஒரே வகை உடை அணிந்து, அவ்வப்போது புகழ்பெற்ற பாடல்களை நடன மண்டபங்களில் இசைப்பது அவற்றின் தொழில். பதினைந்து வயதில், 1963 ஆம் ஆண்டில், ரோரி அத்தகைய குழு ஒன்றில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் கார்க் நகரத்து இசைக்கருவிக் கடை ஒன்றில், பிறர் வாசித்துப் பழகிய ஒரு மின் கிட்டாரைக் கண்டார். 1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. விலை ஏறத்தாழ நூறு பவுன். பள்ளிச் சிறுவனுக்கு அது பெருந்தொகை. தவணை முறையில் பணம் செலுத்துவதாகச் சொல்லி அதனை வாங்கினார். வாழ்நாள் முழுவதும் அவரைப் பிரியாத துணையாக அது விளங்கியது.

மின் கிட்டார் எவ்வாறு ஒலிக்கிறது என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் நலம். பழைய கிட்டாரின் உடல் உள்ளீடற்ற பெட்டி. கம்பியின் அதிர்வை அப்பெட்டியே பெருக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உடலோ கெட்டியான மரம். கம்பிகளுக்கு அடியில் காந்தங்களும் அவற்றைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருள்களும் உள்ளன. எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. ஒலிபெருக்கி அதனைப் பெருக்கி ஒலியாக்குகிறது. இவ்வளவில் அது பொறியியல். ஆயினும் கம்பியை எவ்வளவு அழுத்துவது, எங்கே வளைப்பது, எந்த இடத்தில் மௌனமாக நிற்பது என்பன எல்லாம் விரலும் உள்ளமும் செய்யும் வேலை. ரோரியின் வாசிப்பில் வேகமும் முரட்டுத்தனமும் இருந்தன. அவற்றினூடே பாட்டின் தெளிவும் குன்றாமல் இருந்தது. கிட்டார் ஒரு வரி பாட, குரல் அடுத்த வரியைப் பாடுவது போன்ற உரையாடல் அவர் இசையில் நிகழ்ந்தது. இது புளூஸ் இசைவாணர்களிடமிருந்து அவர் பெற்ற செல்வம்.

1966 ஆம் ஆண்டில் ரோரி டேஸ்ட் என்னும் குழுவைத் தொடங்கினார். மூவரே கொண்ட அக்குழு சில காலம் பெல்ஃபாஸ்டில் தங்கி இசைத்தது. பின்னர் லண்டன் சென்றது. 1970 ஆம் ஆண்டில் வைட் தீவுத் திருவிழாவில் பெருங்கூட்டத்தின் முன் இசைத்துப் புகழ் பெற்றது. அவ்வாண்டின் இறுதியோடு குழு கலைந்தது. அடுத்த ஆண்டு ரோரி தம் பெயராலேயே புதிய குழு அமைத்தார். அதில் அவருடன் சேர்ந்த இருவரும் பெல்ஃபாஸ்ட் நகரத்தார். அவ்வாண்டிலேயே, லண்டனிலிருந்து வெளிவந்த மெலடி மேக்கர் என்னும் இசை இதழ், எரிக் கிளாப்டன் போன்ற பெருங்கலைஞர்களுக்கும் முன்னால் வைத்து, சிறந்த கிட்டார் கலைஞர் என்னும் சிறப்பை அவருக்கு வழங்கியது.

நண்பர்களே! இனி நாம் பெல்ஃபாஸ்டுக்குத் திரும்புவோம்.

1921 ஆம் ஆண்டில் அயர்லாந்துத் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வடபகுதி பிரிட்டனுடன் இருந்தது. தென்பகுதி தனி நாடாயிற்று. வடபகுதியில் பிரிட்டனோடு இருக்க விரும்பியோர் பெரும்பாலும் புராட்டஸ்டண்டு பிரிவினர். அயர்லாந்தோடு இணைய விரும்பியோர் பெரும்பாலும் கத்தோலிக்கர். உரிமைக் கிளர்ச்சியாகத் தொடங்கிய பூசல், 1969 ஆம் ஆண்டில் ஆயுதப் பூசலாக மாறியது. குண்டுகள் வெடித்தன, தெருக்களுக்கு நடுவே சுவர்கள் எழுந்தன. 1972 ஆம் ஆண்டில் மட்டும் 450-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1998 ஆம் ஆண்டில் அமைதி உடன்படிக்கை ஏற்படும் வரையில் ஏறத்தாழ 3,500 உயிர்கள் பலியாயின.

இத்தகைய நகருக்கு எந்தக் கலைஞர் வருவார்? புகழ்பெற்ற குழுக்கள் பல பெல்ஃபாஸ்டைத் தவிர்த்தன. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. உயிர் எவருக்கும் இனியது. மாலை வேளையில் நகரின் நடுப்பகுதி வெறிச்சோடிக் கிடந்தது. இளைஞர்கள் தத்தம் தெருக்களுக்குள்ளேயே அடைபட்டு வளர்ந்தனர். எதிர்ப் பிரிவைச் சேர்ந்த ஒருவனோடு ஒருமுறையேனும் அருகமர்ந்து பேசாமலே இளமையைக் கழித்தவர் பலர்.

அந்நாட்களில்தான் ரோரி கேலஹர் மீண்டும் மீண்டும் பெல்ஃபாஸ்டுக்கு வந்தார். அல்ஸ்டர் மண்டபத்தில் இசைத்தார். கட்டம் போட்ட சட்டையும் நீலக் காற்சட்டையும் அணிந்து, தெருவில் செல்லும் ஒருவரைப் போலவே மேடையேறினார். அவர் அரசியல் பேசவில்லை. எப்பிரிவினரையும் புகழவில்லை, இகழவில்லை. ஆயின் மண்டபத்தின் கதவுகள் திறந்தபோது, கத்தோலிக்க இளைஞனும் புராட்டஸ்டண்டு இளைஞனும் ஒரே வரிசையில் வந்து நின்றனர். இசை தொடங்கியபின் அருகில் நிற்பவன் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரவு முடிந்ததும் அவர்கள் தத்தம் தெருக்களுக்கே திரும்பினர் என்பது உண்மை. சுவர்கள் இடிந்துவிடவில்லை. எனினும், சுவருக்கு அப்பால் இருப்பவனும் தன்னைப் போலவே ஒரு பாட்டுக்கு மகிழ்பவன் என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டனர். வெறுப்பு ஊட்டப்பட்டு வளர்ந்த தலைமுறைக்கு இது சிறிய பாடம் அன்று.

1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் ஆகிய நகரங்களில் அவர் நிகழ்த்திய இசை பதிவு செய்யப்பெற்று, ‘ஐரிஷ் டூர் 74’ என்னும் இசைத்தட்டாக வெளிவந்தது. டோனி பாமர் என்பார் அப்பயணத்தைத் திரைப்படமாகவும் எடுத்தார். எல்லைக்கோட்டின் இருபுறத்து மக்களும் எழுப்பிய ஆரவாரம் ஒரே தட்டில் கேட்கிறது. அதனை ஒரு வரலாற்றுச் சான்று என்றே கூறலாம்.

அப்பயணத்தில் அச்சத்திற்கு இடம் இருந்ததா என்று ஐயுறுவோர் அடுத்த ஆண்டின் நிகழ்ச்சியை நினைத்தல் வேண்டும். 1975 ஜூலை 31 ஆம் நாள் இரவு, வடபகுதியில் இசை நிகழ்ச்சியை முடித்துவிட்டு டப்ளினுக்குத் திரும்பிய மயாமி ஷோபேண்டின் ஊர்தியை ஆயுதம் தாங்கியோர் வழிமறித்தனர். குழுவினருள் மூவர் கொல்லப்பட்டனர். பாடுவோருக்கும் பாதுகாப்பில்லை என்பதை நாடு அன்று அறிந்தது. அதற்குப் பின்னரும் ரோரி வடக்கே செல்வதை நிறுத்தவில்லை.

கேட்போரைக் கைவிடாத இப்பண்பு அவர் வாழ்வில் வேறிடத்தும் விளங்குகிறது. 1975 ஜனவரியில், உலகப் புகழ்பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் தம்மை விட்டு விலகிய கிட்டார் கலைஞரின் இடத்திற்கு ஒருவரைத் தேடினர். ரோரியை ராட்டர்டாம் நகருக்கு அழைத்து, அவரோடு சேர்ந்து இசைத்துப் பார்த்தனர். ஆயினும் ஜப்பானில் அவருடைய நிகழ்ச்சிகள் முன்னரே ஏற்பாடாகியிருந்தன. அவர் ஜப்பானுக்குப் புறப்பட்டுச் சென்றார். பின்னாளில் குவீன் குழுவின் கலைஞராகப் புகழெய்திய பிரையன் மே, இளமையில் ரோரியின் நிகழ்ச்சி முடிந்ததும் காத்திருந்து, இந்த ஒலியை எவ்வாறு உண்டாக்குகிறீர்கள் என்று வினவினார். தொழில் இரகசியம் என்று ரோரி மறைக்கவில்லை; தாம் பயன்படுத்தும் கருவிகளை எல்லாம் பொறுமையோடு விளக்கினார். அவ்விளக்கமே தம் இசையின் ஒலிக்கு வழிகாட்டிற்று என்று பிரையன் மே நன்றியோடு கூறியிருக்கிறார்.

அவருடைய இறுதிக்காலம் துயரமானது. விமானப் பயணத்தின்மீது எழுந்த அச்சம், அதற்கென உட்கொண்ட மருந்துகள், குடிப்பழக்கம் ஆகியன சேர்ந்து அவர் கல்லீரலைக் கெடுத்தன. 1995 ஜனவரியில் நெதர்லாந்தில் நிகழ்த்தியதே கடைசி நிகழ்ச்சி. மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பட்டும், நோய்த்தொற்றால் அவ்வாண்டு ஜூன் 14 ஆம் நாள் லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 47. கார்க் நகரை அடுத்த பாலின்காலிக்கில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

கலைஞர் மறைந்தார், கேட்டவர்கள் மறக்கவில்லை. 1997 ஆம் ஆண்டில் கார்க் நகரத்துச் சதுக்கம் ஒன்று அவர் பெயர் பெற்றது. 2010 ஆம் ஆண்டில் பிறந்த ஊரில் அவர் சிலை எழுந்தது. ஆண்டுதோறும் கோடையில் பாலிஷானனில் நடைபெறும் விழாவிற்குப் பல நாடுகளிலிருந்தும் அன்பர்கள் வருகின்றனர். அவரை நேரில் கண்ட முதியவர்களும், அவர் இறந்தபின் பிறந்த இளைஞர்களும் ஒன்றாக நின்று அவர் பாடல்களை இசைக்கின்றனர். தந்தை வாங்கிய இசைத்தட்டு மகன் கைக்கு வந்து, அவன் தோழர்களிடமும் செல்கிறது.

அவருடைய கிட்டார் என்னவாயிற்று? ஒருமுறை டப்ளினில் திருட்டுப் போய், சில நாட்கள் மழையில் நனைந்து மீண்டு வந்த கருவி அது. வெயிலாலும் வியர்வையாலும் வண்ணப் பூச்சு பெரிதும் உதிர்ந்து, வெறும் மரம் தெரிய நின்றது. 2024 அக்டோபரில் அது லண்டனில் ஏலத்திற்கு வந்தபோது அயர்லாந்து மக்கள் கலங்கினர். எவரேனும் செல்வர் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டால் என்ன செய்வது? அக்கருவி நாட்டின் உடைமையாதல் வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. நன்கொடை திரட்டும் முயற்சியும் நடந்தது. முடிவில் 8,89,400 பவுனுக்கு அது விலை போயிற்று. வாங்கியது இசை நிகழ்ச்சிகளை நடத்தும் ஒரு நிறுவனம். வாங்கியது தனக்காக அன்று, அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்திற்கு வழங்குவதற்காக. தவணைப் பணத்தில் ஒரு பள்ளிச் சிறுவன் வாங்கிய பொருள், ஒரு நாட்டின் பொதுச் செல்வமாயிற்று.

மாணவ நண்பர்களே! அரசர்கள் தம் வெற்றியைத் தாமே கல்லில் பொறித்துக்கொண்டனர். கலைஞனுக்கு அவ்வாற்றல் இல்லை. அவனுடைய கல்வெட்டு, கேட்டவர் நெஞ்சில் எழுதப்படுவது. அவர்கள் மறந்தால் அழிந்துவிடும். அச்சம் சூழ்ந்த நாளில் ரோரி கேலஹர் பெல்ஃபாஸ்ட் மக்களை மறக்கவில்லை. அமைதி வந்த நாளில் அம்மக்களும் அவரை மறக்கவில்லை. இருட்டில் வந்தவனை வெளிச்சம் வந்தபின் நினைத்துப் பார்ப்பதே நன்றி. பெட்ஃபோர்டு தெருவில் நிற்கும் வெண்கலச் சிலை அந்நன்றியின் வடிவம்.