குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த மருந்து

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் சினைப்பையின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் ஏற்படும் உடல் வெப்பப் பொங்கலையும் இரவு வியர்வையையும் தணிக்க, சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பிரிமாரின் என்னும் மாத்திரைக்கு அமெரிக்கா 1942இல் அனுமதி அளித்தது. அதன் ஆங்கிலப் பெயரே அந்த மூலப்பொருளைச் சுருக்கிச் சொல்வதுதான். 1966இல் மகப்பேறு மருத்துவர் ராபர்ட் வில்சன் எழுதிய ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ என்னும் நூல், இயல்பான இப்பருவத்தைக் குறைபாட்டு நோயாகச் சித்திரித்து விற்பனையைப் பெருக்கியது. அறிவியலைவிட விளம்பரமே அதில் மிகுதி எனலாம். 1975இல் வெளியான ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனைத் தனியே உட்கொள்வது கருப்பையின் உட்படலப் புற்றுநோயைப் பன்மடங்காக்குவதைக் காட்டவே, அப்படலத்தைக் காக்கும் புரோஜெஸ்டின் என்னும் செயற்கை ஹார்மோன் உடன் சேர்க்கப்பட்டது.

இக்கூட்டு மருந்து இதயத்தையும் காக்கும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க, கருப்பையுள்ள 16,608 பெண்களிடம் நடத்தப்பட்ட பெரும் ஆய்வு 2002 ஜூலையில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மருந்து உண்ட பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், மாரடைப்பு முதலிய இதயநோய் 7 பேருக்கும் கூடுதலாக வந்தன. இடுப்பெலும்பு முறிவோ 5 குறைந்தது. மருத்துவர்களின் பரிந்துரைகள் சட்டெனச் சரிந்தன. ஆயினும் ஆய்வில் சேர்ந்தோரின் சராசரி வயது 63 என்பது அன்றைய பரபரப்பில் போதிய கவனம் பெறவில்லை. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்குவோருக்குத் தீங்கு குறைவு என்பது பின்னைய பகுப்பாய்வுகளில்தான் தெளிவாயிற்று.