மலாக்காவில் ஒரு பகல்

மத்தியதரைக் கடலோரத்துப் பழம்பெரும் நகரங்களைக் காணச் செல்வோருள் பலர் ஒவ்வொரு நகரையும் ஒரே பகலில் கண்டு திரும்பிவிடுகின்றனர். காலையில் கப்பல் துறைமுகத்தை அடைகிறது. வழிகாட்டி ஒருவர் முன்னே நடக்கிறார். கோயில், கோட்டை, அங்காடி என மூன்று நான்கு இடங்களைக் கண்டபின், மாலையில் கப்பல் புறப்பட்டுவிடுகிறது. ஈராயிரம் ஆண்டு வரலாற்றுக்குக் கிடைப்பது எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தில் எது கண்ணில் பட வேண்டும், எது படவேண்டாம் என்பதை முடிவு செய்பவர் வழிகாட்டியே.

செமினியிலிருந்து நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களை மலாக்காவுக்கு அழைத்துச் செல்லும் கல்விச் சுற்றுலாவும் ஏறத்தாழ இவ்வகையினதே. கிழக்கு வெளுக்குமுன் பேருந்தில் ஏறி, சிரம்பானைக் கடந்தபின் வழியில் பசியாறி, ஆயர் குரோ வழியாக நகருக்குள் நுழைந்தால், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். தலைமையாசிரியன் என்ற முறையில் இப்பயணத்தைப் பலமுறை மேற்கொண்டிருக்கிறேன். அவற்றுள் ஒரு பயணம், ஆசிரியத் தொழிலைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றியது. அதனை உடன்பணியாற்றும் ஆசிரியர்களுக்கும், நாளை ஆசிரியராக இருக்கும் மாணவர்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்தியதரைக் கடலைக் குறிப்பிட்டுத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியதற்கு மறு ஆண்டு, 1512இல், தோமே பிரேசு என்னும் மருந்தாளர் இந்நகருக்கு வந்து சேர்ந்தார். கீழ்த்திசை நாடுகளைப் பற்றி அவர் எழுதிய ‘சுமா ஓரியெந்தால்’ என்னும் நூல் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1937இல் பாரிசு நகரில் கண்டெடுக்கப்பட்டது. மலாக்காவை ஆள்பவன் வெனிசு நகரத்தின் குரல்வளையில் கை வைத்தவனாவான் என்பது அந்நூலிற் காணப்படும் கருத்து. மலுக்குத் தீவுகளின் கிராம்பும், பண்டாத் தீவுகளின் சாதிக்காயும் மலாக்காவில் குவிந்து, கூசராத்துக் கப்பல்களில் ஏறி, ஏடனையும் செங்கடலையும் கடந்து அலெக்சாந்திரியாவை அடைந்தன. அங்கே அவற்றை வாங்கி ஐரோப்பா முழுவதற்கும் விற்றவர்கள் வெனிசு வணிகர்கள். ஆதலால் மலாக்காவில் கதவை அடைத்தால் வெனிசில் மூச்சு முட்டும் என்பது பிரேசின் கணக்கு. கணக்கு முழுவதும் பலிக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செங்கடல் வழி மீண்டும் உயிர்பெற, வெனிசும் நிமிர்ந்துகொண்டது. ஆயினும் நம் மாணவர்கள் பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் சென்றடையும் ஊர், ஒரு காலத்தில் மத்தியதரைக் கடலோரத்துச் செல்வ நகரை அஞ்ச வைத்தது என்பது பாடமாகச் சொல்லத்தக்க செய்தியன்றோ?

தமிழர்க்கு அக்கடலோடு இருந்த தொடர்பு மலாக்காவினும் மிகப் பழையது. செங்கடற் கரையிலுள்ள குசைர் அல்-கதீம் என்னுமிடத்தில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அதே கடற்கரையிலுள்ள பெரனிகேயில், கோயில் ஒன்றன் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியொன்றில் ஏழரைக் கிலோகிராம் அளவுக்குக் கருமிளகு இருந்தது. முசிறியிலிருந்து வந்த சரக்கை அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டு செல்வது பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று இன்றும் வியன்னா நகரில் காக்கப்படுகிறது. இவற்றையெல்லாம் வகுப்பறையில் சொன்னால் மாணவர்கள் வியப்புடன் கேட்பர். ஆனால் மறுகணமே, “அப்படியானால் நாம் இந்த நாட்டுக்கு எப்போது வந்தோம், ஐயா?” என்று கேட்பர்.

அவ்வினாவுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடையில் இரண்டே காட்சிகள் உள்ளன. ஒன்று, 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றது. மற்றொன்று, ஆங்கிலேயர் காலத்தில் நம் முன்னோர் கப்பலேறி வந்து ரப்பர்க் காடுகளில் பால் வெட்டியது. ஒரு புறம் பேரரசன். மறுபுறம் கூலித் தொழிலாளி. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் நம் பிள்ளைகளின் மனத்தில் வெற்றிடமாகவே கிடக்கின்றன. அவ்வெற்றிடத்தை நிரப்பும் ஊர்களுள் முதன்மையானது மலாக்கா.

நான் குறிப்பிடும் பயணத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியுடன் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தியிருந்தோம். அவர் பண்பாளர், மலாய் மொழியில் சுவையாகப் பேசினார். 1400ஆம் ஆண்டையொட்டிப் பரமேசுவரா நகரை நிறுவியது, 1511இல் அல்புகர்க்கே கைப்பற்றியது, 1641இல் டச்சுக்காரர் கைக்கு மாறியது, 1824 உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்குரியதானது ஆகியவற்றை வரிசைப்படுத்தினார். சந்தியாகு வாயிலின்முன் நின்று, 1807இல் ஆங்கிலேயர் கோட்டையை இடிக்கத் தொடங்கியதையும், இறுதியில் அவ்வொரு வாயில் மட்டும் எஞ்சியதையும் விளக்கினார். வாயிலின் மேல் ‘1670’ என்னும் டச்சுக்காரர் கால ஆண்டுக் குறிப்பை மாணவர்கள் தேடிக் கண்டுபிடித்தனர். புனித பவுல் குன்று, 1753இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புத் தேவாலயம் ஆகியவற்றோடு முற்பகல் கழிந்தது.

நண்பகலுக்குப்பின் ஆற்றைக் கடந்து தட்டார் தெருவுக்கு வந்தோம். மலாயில் அதன் பெயர் சாலான் துக்காங் எமாஸ். அங்கே 1748இல் எழுந்த பள்ளிவாசலும், 1781இல் எழுந்த சிறீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயிலும் அருகருகே உள்ளன. சற்றுத் தள்ளிச் சீனர்களின் செங் ஊன் தெங் கோயில் இருக்கிறது. பல சமயத்தார் ஒற்றுமையாக வாழ்ந்த தெரு என்று வழிகாட்டி கூறினார். அது முற்றிலும் உண்மை. ஆனால் அவ்வளவில் பேச்சை முடித்து, படமெடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் தந்தார்.

அப்போது ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னருகில் வந்து, பிறர் காதில் விழாதபடி, “ஐயா, பள்ளிவாசலுக்கு ஏன் நம்மைத் திட்டும் சொல்லைப் பெயராக வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டான். அறிவிப்புப் பலகையில் ‘கம்போங் கிளிங்’ என்று எழுதியிருந்தது. அச்சொல்லை அவன் எங்கே, யார் வாயால் கேட்டிருப்பான் என்பதை நான் வினவவில்லை. வினவாமலே எனக்குத் தெரியும். அவன் வயதில் நானும் அதைக் கேட்டிருக்கிறேன். அவன் முகம் சுருங்கியிருந்தது. இத்தனை நூற்றாண்டு வரலாற்றைக் காட்ட அழைத்து வந்து, அவனுக்கு வெட்கத்தைத்தானே காட்டியிருக்கிறோம் என்று என் நெஞ்சம் சுட்டது.

மாணவர்கள் அனைவரையும் நிழலில் அமரச் செய்து, நானே பேசத் தொடங்கினேன்.

‘கிளிங்’ என்பது கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பது அறிஞர் கருத்து. மலாய்க்காரர் அப்பெயரைத் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தோர்க்கெல்லாம் பொதுவாக வழங்கினர். மலாய் வரலாற்று இலக்கியமான ‘செஜாரா மெலாயு’ கிளிங் நாட்டைப் புகழ் வாய்ந்த நாடாகவே பேசுகிறது. அன்று அது வசையன்று. சீனர், சாவகர் என்பது போன்றதோர் இனப்பெயர். 19, 20ஆம் நூற்றாண்டுகளில் நம் மக்கள் ஏழைத் தொழிலாளராய் வந்து குவிந்தபின்னரே அச்சொல்லில் இழிவு ஏறிற்று. சொல் தாழவில்லை, அச்சொல்லுக்குரியோரின் நிலை தாழ்ந்தபோது சொல்லும் உடன் தாழ்ந்தது. இன்று அச்சொல்லால் நம்மை அழைப்பதை நாம் ஏற்கத் தேவையில்லை. ஆனால் இப்பள்ளிவாசலின் பலகையில் அது நம்மைத் திட்டவில்லை. இங்கே தொழுகைக்கு இடம் அமைத்து வாழ்ந்த தென்னிந்திய முசுலிம் வணிகர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் தொழுகைக் கூடத்துத் தூண்கள் கொரிந்தியப் பாணியின. கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரத்தின் பெயர் பெற்ற அப்பாணி, கூம்பிய சுமத்திரா கூரையின்கீழ் நிற்கிறது.

சுல்தான்கள் காலத்து மலாக்காத் துறைமுகத்தில் நான்கு சாபந்தார்கள், அதாவது துறைமுக அதிகாரிகள், இருந்தனர். ஒருவர் கூசராத்தியர்க்கு, ஒருவர் சீனர், சம்பா நாட்டார் முதலியோர்க்கு, ஒருவர் சாவகம் முதலிய தீவினர்க்கு, எஞ்சிய ஒருவர் சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்து வந்தோர்க்கு. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த துணியைக் கொடுத்தே கீழ்த்தீவுகளின் வாசனைப் பொருள்களை வாங்க முடிந்தது. இக்கடல்வழியில் தமிழுக்கிருந்த மதிப்பைக் காலி நகரத்து மும்மொழிக் கல்வெட்டு காட்டும். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கையில் நிறுவிய அக்கல்லில் 1409ஆம் ஆண்டுக் குறிப்புடன் சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மொழிகள் உள்ளன.

இத்துணைப் பெருமையும் சொன்னபின், பெருமையோடு நிறுத்திவிடுவது வரலாற்றாசிரியனுக்கு அழகன்று என்பதால், நினா சாத்துவின் கதையையும் சொன்னேன். போர்த்துகீசிய ஏடுகள் இப்பெயரால் குறிக்கும் அவர் மலாக்காவின் பெருவணிகர், தமிழ் இந்து. 1509இல் வந்த போர்த்துகீசியருள் சிலர் சிறைப்பட்டபோது அவர்களுக்கு உதவினார். 1511இல் நகர் வீழ்ந்தபின் அல்புகர்க்கே அவரைப் பெண்டகாரா பதவியில் அமர்த்தினார். 1514இல் அப்பதவி கம்பார் மன்னருக்கு மாற்றப்பட்டபோது, அவமானம் பொறாமல் தீயில் புகுந்து மாண்டார் என்று அவ்வேடுகள் கூறும்.

“அவர் நல்லவரா, கெட்டவரா, ஐயா?” என்றாள் ஒரு மாணவி. நான் உடனே விடையளிக்கவில்லை. சுல்தானின் நகரில் வாழ்ந்து, அந்நகரைக் கைப்பற்ற வந்தவர்க்குத் துணை நின்றார் என்பது உண்மை. அந்தப் புதிய தலைவர்களே அவரைக் கைவிட்டனர் என்பதும் உண்மை. நம்மவர் என்பதற்காக மறைக்கவும் வேண்டாம். வெட்கித் தலைகுனியவும் வேண்டாம். “அவர் ஒரு வணிகர், கணக்குப் போட்டார், கணக்குத் தவறியது” என்றேன். அவள் அதை ஏட்டில் எழுதிக்கொண்டாள்.

பிற்பகலில், திட்டத்தில் இல்லாத ஓரிடத்துக்குப் பேருந்தைத் திருப்பச் சொன்னேன். அது காஜா பெராங்கில் உள்ள மலாக்காச் செட்டிகளின் கிராமம். இவர்கள் பிற்காலத்தில் வட்டித்தொழில் செய்ய வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் அல்லர். சுல்தான்கள் காலத்திலேயே வந்து, உள்நாட்டுப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகரின் வழிவந்தோர். தட்டார் தெருவிலுள்ள விநாயகர் கோயிலை எழுப்பியவர்கள் இவர்களின் முன்னோரே. கிராமத்தில் 1822ஆம் ஆண்டின் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. பெண்கள் கெபாயா அணிவர். ஆண்டுதோறும் அம்மனுக்கு விழா எடுப்பர். ஆனால் வீட்டு மொழி மலாய்.

கோயில் வாயிலில் மூதாட்டி ஒருவர் எங்கள் மாணவர்களை அன்போடு வரவேற்றார். மாணவர்கள் தமிழில் வணக்கம் சொன்னார்கள். அவர் கைகூப்பி “வணக்கம்” என்றார்; அதற்குமேல் மலாயில்தான் பேசினார். தெய்வம், பெயர், திருநீறு, படையல் அனைத்தும் நிலைத்திருக்க, மொழி மட்டும் நழுவிவிட்டிருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பல நூற்றாண்டுகளாகப் பள்ளிக்கூடமோ புதிய வரவோ இன்றி இவ்வளவைக் காத்தது அரிய செயல். ஆனால் மொழியைக் காக்கக் கோயில் மட்டும் போதாது, பள்ளியும் வேண்டும் என்பதை அம்மூதாட்டியின் புன்னகையில் கண்டேன். செமினியைச் சுற்றிய தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட இக்காலத்தில், தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவனால் அதனை எளிதில் மறக்க இயலவில்லை.

திரும்பும் வழியில் மாணவர்கள் உறங்கிவிட்டனர். அம்மாணவன் மட்டும் விழித்திருந்தான். “அந்தப் பலகையைப் படமெடுத்திருக்கிறேன், ஐயா. தாத்தாவிடம் காட்டி, இந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்லப் போகிறேன்” என்றான். முகம் தெளிந்திருந்தது.

மலாக்கா 2008இல் ஜார்ச்டவுனோடு உலக மரபுரிமை நகராக அறிவிக்கப்பட்டது. அந்நகர வழிகாட்டிகளை நான் குறை கூறேன். எல்லா நாட்டாருக்கும் பொதுவானதை அவர்கள் சொல்கின்றனர். நம் பிள்ளைகள் அறிய வேண்டியதை நாமே சொல்ல வேண்டும். ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: சுற்றுலாவுக்கு ஒரு வாரம் முன்பே நகரின் வரைபடத்தை வகுப்பில் விரியுங்கள். கோட்டைக்கு ஒரு மணி நேரமெனில் தட்டார் தெருவுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செட்டிகளின் கிராமத்தை விட்டுவிடாதீர்கள். வழிகாட்டி பேசி முடித்தபின், பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்போது சொல்வதற்கு உங்களிடம் செய்தி இருக்கட்டும்.