பூடிதவும் நீறும்: வடவேங்கட எல்லையில் சாம்பலுக்கு வழங்கும் சொற்கள்

சாம்பலுக்குத் தெலுங்கில் ‘பூடித’ என்று பெயர். முதலெழுத்து அதிர்ந்து ஒலிக்கும். இதை ‘விபூதி’யின் திரிபு என்று தள்ளிவிடுவது எளிது. சித்தூர், திருப்பதி வட்டார வழக்கை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நிற்காது.

தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாகச் சொல்லும் வேங்கடம் இந்தப் பகுதிதான். 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. திருப்பதி 2022இல் தனி மாவட்டமானது. கோடுகள் நகர்ந்தாலும் இரண்டு மொழியும் ஒரே தெருவில் புழங்குவது மாறவில்லை. இரு சொற்களின் எல்லையை அளக்க இதைவிட நல்ல இடம் அமையாது.

சித்தூர் மாந்தோப்புகளில் பூக்கும் பருவத்தில் பூங்கொத்தின் மேல் வெள்ளைப் பொடி படரும். பூ கருகும், பிஞ்சு உதிரும். நனையும் கந்தகத் தூளைக் கரைத்துத் தெளிப்பார்கள். இந்த நோய்க்குத் தெலுங்கில் ‘பூடித தெகுலு’, தமிழில் ‘சாம்பல் நோய்’. மேலே வெண்பொடி பூத்த பூசணிக்கு ‘பூடித கும்மடி’, நம்மிடம் ‘சாம்பல் பூசணி’. இரண்டிலும் நெருப்புக்கு வேலையே இல்லை. படிந்திருக்கும் பொடிதான் பெயருக்குக் காரணம். வீணாய்ப் போன உழைப்பைப் ‘பூடிதலோ போசின பன்னீரு’ என்பார்கள். ஆண்டி உடம்பெல்லாம் பூசியிருப்பதையும் பூடித என்று சொல்வதுண்டு. ஆனால் சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கையில் வாங்குவது ‘விபூதி’தான். ஒன்று மற்றதன் சிதைவென்றால், மூலமும் சிதைவும் இப்படி ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்டு அருகருகே வாழ்வதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

ஒலியும் இதையே காட்டுகிறது. ‘விபூதி’யில் உள்ளது பல்லொலித் தகரம். ‘பூடித’வின் நடுவில் நிற்பதோ நாமடி டகரம். தமிழ் ழகரம் தெலுங்கில் டகரமாவது நன்கறிந்த இணை: ஏழு–ஏடு, கோழி–கோடி. அந்த வழியே போனால் ‘பூடித’வின் உறவு, துகள் என்று பொருள்படும் ‘பூழி’யோடும் ‘புழுதி’யோடும்தான். முதலெழுத்து ஏன் அதிர்ந்தது என்று கேட்கலாம். குதிரை அங்கே ‘குர்ரமு’ ஆகும்போது ககரமும் அப்படித்தான் அதிர்கிறது. அந்த அதிர்வுக்கு விபூதியின் நெருக்கமும் கொஞ்சம் உதவியிருக்கலாம் என்பது என் ஊகம். வேர் வேறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியானால் இரு மொழிக்கும் பொதுவான ‘நீறு’ எங்கே போயிற்று? தெலுங்கிலும் அது வல்லின றகரத்தோடு இருந்த சொல்தான். ஆனால் தெலுங்கில் இரண்டு ரகரங்களும் ஒன்றாகிவிட்டன; வல்லின எழுத்து இன்றைய எழுத்துமுறையிலிருந்தே விழுந்துவிட்டது. அதன்பின் சாம்பலும் தண்ணீரும் ஒரே ‘நீரு’. அடுப்படியில் நாள் முழுக்கப் புழங்கும் இரண்டு பொருளுக்கு ஒரே ஒலி இருந்தால் ஒன்று விலகித்தான் ஆக வேண்டும், விலகியது சாம்பல். அந்த இடம் ‘பூடித’க்குக் கிடைத்தது என்று கொள்வதே பொருத்தம். உறவுச் சொல்லான ‘நிவுரு’ மட்டும் தணலின் மேல் படியும் மெல்லிய படலத்துக்குப் பெயராகத் தங்கியது. நாம் ‘நீறு பூத்த நெருப்பு’ என்பதை அவர்கள் ‘நிவுரு கப்பின நிப்பு’ என்கிறார்கள்.

தமிழில் இந்த மோதல் இல்லை. நீர் வேறு, நீறு வேறு. ஆனாலும் இங்கும் நீறு அடுப்படியில் இல்லை. சைவம் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டது. பேச்சில் ‘துண்ணூறு’ என்று தேய்ந்த பிறகும் அது திருநீறுதான். அதை யாரும் பாத்திரம் தேய்க்க எடுப்பதில்லை. பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருப்பது சுண்ணாம்புக் காளவாய். சுட்ட கல்லில் தண்ணீர் தெளித்தால் அது கொதித்து வெடித்து மாவாகும். அதை ‘நீறுதல்’ என்கிறோம். அங்கே பொடியாக்குவது நெருப்பல்ல, தண்ணீர். ஆகவே நீறின் அடிப்படைப் பொருள் எரிதல் அல்ல, பொடிதல்.

காலியான அடுப்படிக்கு வந்தது ‘சாம்பல்’. சாம்புதல் என்றால் வாடுதல், ஒளி மங்குதல். ‘சா’ என்ற வினையோடு சேர்த்துப் பார்க்கத் தகுந்தது. வடமொழிப் பஸ்மமோ ‘மெல்லுதல், தின்னுதல்’ என்னும் வேரிலிருந்து வருகிறது. நெருப்பு தின்று மீந்தது. விபூதிக்குச் சாம்பல் என்பது பின்னால் வந்த பொருள், பெருமையும் ஆற்றலுமே முதற்பொருள். கீதையின் பத்தாம் அத்தியாயம் அந்தப் பொருளில்தான் விபூதி யோகம் எனப்படுகிறது.

கன்னடத்துப் ‘பூதி’தான் சிக்கல். அது சாதாரணச் சாம்பலைக் குறித்தாலும் நடுவில் பல்லொலியே இருப்பதால் என் ஒலிச் சான்று அங்கே செல்லாது. அதை விபூதியின் வழி வந்ததாகக் கொள்வதில் தடையில்லை. அண்டை மொழிகள் என்பதற்காகப் பூதியையும் பூடிதவையும் ஒரே வேரில் கட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன்.